போடிக்குப் போன கிண்ணம்

ஞாயிறு காலை 8.10. தேனி பேருந்து நிலையத்தில் கூடலூர் வண்டியில் ஏறுவதற்கு முன், பெயர்ப்பலகையை இரண்டு முறை படித்தேன். பிறகு ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் சொன்னதை நடத்துநரிடம் சரிபார்த்தேன்.

"அண்ணே, போர்டு தமிழ்லதான இருக்கு?" என்றார் நடத்துநர்.

கண்ணில் கோளாறு இல்லை. அனுபவம் அப்படி.

மடியில், பழைய வேட்டியில் சுற்றிய கிண்ணம். ரசம் ஊற்றுகிற கிண்ணம் இல்லை. இரண்டு பக்கமும் காது வைத்து, வெள்ளி முலாம் பூசி, மூன்று படி அரிசி கொள்ளும். நான் கல்லூரியில் படித்த காலத்தில், கால்பந்துப் போட்டிகள் எல்லாம் முடிந்தபின், பொங்கலுக்கு முன்னால் கம்பத்து வியாபாரிகள் ஒரே ஒரு ஆட்டம் நடத்துவார்கள். தேனிப் பக்கம் ஜெயித்த கல்லூரியும், கம்பம் பக்கம் ஜெயித்த கல்லூரியும் மோதும். ஜெயிப்பவருக்கு இந்தக் கிண்ணம்.

எங்கள் அணிக்கு நான்தான் கேப்டன், கோல்கீப்பரும் நானே. பந்தை நான் பிடித்ததைவிட அது என்னைப் பிடித்ததுதான் அதிகம். கடைசி ஆட்டத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு கோல். கடைசி நிமிஷத்தில் அவர்கள் கேப்டன், கூடலூர் ஜெபராஜ், பெனால்டி அடித்தான். நான் இடப்பக்கம் பாய நினைத்துக் கால் வழுக்கி வலப்பக்கம் விழுந்தேன். பந்து வந்து மூக்கில் பட்டு வெளியே போனது. கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. ரத்தம் நிற்கப் பத்து நிமிஷம். ஆட்டம் டிரா. கிண்ணம் ஆளுக்கு ஆறு மாதம் என்று முடிவாயிற்று. காசு சுண்டியதில் முதல் முறை எங்களுக்கு.

ஆறு மாதம் முடிந்ததும், எல்லாரும் செய்வதுபோல, கிண்ணத்தைப் பேருந்தில் ஏற்றி நடத்துநரிடம் ஒப்படைத்தேன். ஜெபராஜுக்குக் கடிதமும் போட்டேன்: 'ஏற்றி அனுப்பிவிட்டேன், வாங்கிக்கொள்.' ஏற்றியது உண்மை. ஆனால் போடி வண்டியில் ஏற்றிவிட்டேன். பொட்டலத்தில் அவன் பேரையும் என் விலாசத்தையும் எழுதியவன், கூடலூர் என்று எழுத மறந்தேன். அந்தக் காலத்தில் என் மனசும் காலும் தானாகவே போடிப் பக்கம்தான் போகும். அதற்குக் காரணமானவள் செல்வி. இப்போது என் மனைவி.

"உங்க கிறுக்குத்தனத்துக்கு என்னைய எதுக்கு இழுக்கீக?" என்பது அவள் தரப்பு.

மறுநாளே நான் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டேன். போன மாதம், தேனி வீட்டில் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது கிண்ணம் கிடைத்தது. திரும்பி வந்ததை வீட்டில் யாரோ வாங்கி அங்கே போட்டிருக்கிறார்கள். உள்ளே போடி வண்டி நடத்துநரின் துண்டுச் சீட்டு: 'போடியில் யாரும் கேட்டு வரவில்லை. திருப்பி அனுப்புகிறேன்.' அதனடியில் ஜெபராஜ் எழுதிய மூன்று கடிதங்கள், பிரிக்காமல். முப்பது வருஷம்!

நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். ஜெபராஜ் சொன்னான்: "ஏலே, இங்கன எல்லாரும் கிண்ணத்த நான் வித்துத் தின்னுட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காக. பழைய ஆட்டக்காரங்க சங்கத்துல என்னையப் பொருளாளராப் போட இன்னும் பயப்படுறாக. ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்குப் புது நிர்வாகி எடுக்கிறோம். அதுக்குள்ள வா. பஸ்ல ஏத்திவிடாத. நீயே தூக்கிட்டு வா."

8.25. வண்டி கிளம்பியது. கூடலூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வீரபாண்டி தாண்டியதும் இடமும் வலமும் மலை கூடவே வரத் தொடங்கியது. சின்னமனூரில் ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து மடியைப் பார்த்தார்.

"என்னய்யா, சீர் கொண்டு போறீகளா?"

"ஆமாத்தா. முப்பது வருஷம் லேட்டு."

"அப்பப் பொண்ணு பேரன் பேத்தி எடுத்திருக்குமே! எதுக்கும் மெதுவாப் போங்க" என்றார்.

9.20. உத்தமபாளையத்தில் வண்டி நின்றது. டீ பன்னிரண்டு ரூபாய். கிண்ணத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குடித்ததில், பாதி டீ சட்டைக்குப் போனது. கம்பம் தாண்டியதும் சாலையோரம் திராட்சைப் பந்தல்கள். பந்தலுக்கடியில் ஆட்கள் குனிந்து நடந்தார்கள்.

10.35. கூடலூர். குமுளிக்குப் போகும் ஜீப்புகள் ஆள் கூவி நின்றன. ஜெபராஜ் எனக்காகக் காத்திருந்தான். தலை முழுக்க வழுக்கை. கிண்ணத்தைப் பார்த்தான், அப்புறம் என் மூக்கைப் பார்த்தான். "கோணல் இன்னும் போகலையா?" என்றான். அவ்வளவுதான் விசாரிப்பு.

சங்கம் ஒரு மளிகைக் கடை மாடியில் இருந்தது. பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் கோப்பைகள். நடுத்தட்டு மட்டும் காலி. நான் வேட்டியை அவிழ்த்ததும், உரக்கடை பாண்டி எழுந்தார். அந்தக் காலத்தில் அவர்கள் அணியின் தடுப்பாட்டக்காரர்.

"ஏ ஜெபராசு, நீ வித்த ஆளு திருப்பிக் குடுக்க வந்துட்டாரா?"

சிரிப்பு கிளம்பியது. நான் எழுந்து, போடி வண்டியைப் பற்றிச் சொல்லி, சீட்டைப் படித்தேன். பிறகு முதல் கடிதத்தைப் பிரித்தேன்.

'நண்பா, கிண்ணம் வரவில்லை. தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பசங்க என்னைச் சந்தேகப்படுகிறார்கள். ஒரு வரி எழுது.'

பாண்டி மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப எதுக்குடா வித்துட்டேன்னு நீயே ஒத்துக்கிட்ட?"

"தெனமும் கேட்டீக. வித்துட்டேன்னு சொன்னேன், அன்னையோட நிறுத்துனீக" என்றான் ஜெபராஜ். "வித்த காசுல விருந்து எங்கன்னு கேட்டீக. எல்லாருக்கும் புரோட்டா வேற வாங்கிக் குடுத்தேன்."

"அட பாவி! அந்தப் புரோட்டாவ இப்ப எப்பிடித் திருப்பிக் குடுக்க?"

மாடி அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பாண்டி கையைத் தூக்கி, "பொருளாளர் ஜெபராசு. மாத்துக் கருத்து இருந்தா கீழ எறங்கிப் போயிருங்க" என்றார். யாரும் இறங்கவில்லை. ஜெபராஜ் கிண்ணத்தைக் காலித் தட்டில் வைத்தான். வைத்த பிறகும், அதன் காதிலிருந்து கையை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அலமாரியைப் பார்க்காமல் என் சட்டையில் காய்ந்திருந்த டீக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"ஆறு மாசம் கழிச்சு எங்க முறை" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"முப்பது வருஷம் கழிச்சு வா" என்றான்.

மாலை 3.30. தேனி வண்டி. செல்விக்கென்று அவன் தோட்டத்துத் திராட்சை ஒரு கூடை. கனமாக இருந்தது. "நாளைக்கு பஸ்ல ஏத்திவிடேன், நான் வாங்கிக்கிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் கூடையை என் மடியில் வைத்தான். பிறகு நடத்துநரைக் கூப்பிட்டு, என் தோளைத் தட்டிக் காட்டினான்.

"இவரத் தேனியில எறக்கிருங்க. யாரும் கேட்டு வரலைன்னா, இங்கனயே திருப்பி அனுப்பிருங்க."

தேனியில் கேட்டு வந்திருந்தாள் செல்வி. முதலில் கூடையைத்தான் வாங்கிக்கொண்டாள்.