தக்காளிக்கு எதற்கு அடைமொழி

விழுப்புரத்தில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில், ‘நாட்டுத் தக்காளி’ என்று சீட்டு ஒட்டிய கூடையைக் குனிந்து முகர்ந்தபோதுதான் தோன்றியது, சின்ன வயதில் இந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாருமே சொன்னதில்லையே என்று. திண்டிவனத்தில் சித்தி வீட்டுக் கொல்லையில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் வழியெல்லாம் தானாக முளைத்துத் தரையில் படர்ந்து கிடந்த செடிகளுக்குள் கையை விட்டால், கோடு கோடாகப் பள்ளம் விழுந்த புளிப்புப் பழங்கள் வெயில் சூட்டோடு அகப்படும். இலையின் பச்சை வாசனையோ சோறு தின்னும்வரை விரலை விட்டுப் போகாது. காய்கறி விற்கும் தள்ளுவண்டிக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, “நாட்டுத் தக்காளியாக்கா?” என்றார்.

“தக்காளின்னா இதான்யா. நீ தள்ளிக்கினு வர்றியே கல்லு மாதிரி, அதுக்கு வேற பேரு வையி,” என்றாள் சித்தி.

அந்தக் கொல்லை இப்போது மேம்பாலத்துக்கு அடியில் போய்விட்டது. சித்தி மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். வாங்கிவந்த பழம் ஒன்றைப் பிழிந்து, விதையைக் காகிதத்தில் காயவைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

“கடைப் பழம் மொளைக்குமாடா?” என்றவள், பிறகு அவளாகவே, “தண்ணிய நெறைய ஊத்திடாத, அழுவிடும். பொங்கலுக்கு வர்றேன், பாக்குறேன்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஓட்டை வாளி ஒன்றில் மண் நிரப்பி விதைக்கப் போகிறேன். அவள் படியேறி வருவதற்குள் ஒரு செடியாவது காய்த்திருக்க வேண்டும்.