கண்ணாடித் தம்ளருக்குள் இறங்கிய வெள்ளை

நுரைக்காத சவர்க்காரத்துக்கு ஒரு தனி மணம் உண்டு. பழைய எண்ணெயும் ஈரச் சாம்பலும் கலந்தது போல... அக்காவின் தலைமயிரில் அந்த மணம்தான் இருந்தது.

நண்பர்கள் இங்கே முகநூலில் பழைய கிணற்றுப் படங்களைப் போட்டு உருகுகிறீர்கள். எனக்கு அந்த உருக்கம் வருவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். அக்காவை வட்டக்கச்சியில் கட்டிக்கொடுத்த புதிது. அதுவரை வாய்க்கால் தண்ணீரில் சமைத்த அத்தான் வீட்டார், அவள் வாழப்போன மாதம்தான் வளவுக்குள் கிணறு வெட்டி முடித்திருந்தார்கள். முதல் குடத்தைப் புது மருமகளைக் கொண்டே அள்ளுவித்தார்கள். ராசியாம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பருப்பு அவியவில்லை. சவர்க்காரம் திரைந்து வேட்டிகளில் அழுக்காய்ப் படிந்தது.

அக்காவைப் பார்க்கப் போன என்னிடம் அவள் மாமியார் நேராகவே சொன்னார்.

"தம்பி, குறை நினையாதை. உன்ர அக்கா தனிய வரேல்லை. கூட ஏதோ வந்திட்டுது. வெள்ளிக்கிழமை உங்கட வீட்டில கொண்டுவந்து விடப்போறம்."

நான் அப்போது எச்.எஸ்.சி. வகுப்பில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். மகனீசியம் தனித்திருக்கத் தெரியாத உலோகம். தன் அணுவின் வெளிச்சுற்று இலத்திரன்கள் இரண்டையும் கொடுத்துவிட்டு எதனோடாவது சேர்ந்துவிடும். மண்ணுக்குள் காபனேற்றோடு, சல்பேற்றோடு... தண்ணீரில் கரைந்து வந்தால் சவர்க்காரத்தின் கொழுப்போடு. நுரையைக் கெடுப்பது அந்தச் சேர்க்கைதான். கொடுத்ததைச் சொல்லிக்காட்டாது, சம்பந்திமார் போல அல்ல.

அம்மா சொல்லி விசயம் தெரிந்திருந்ததால், பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து சிறு குப்பியில் சோடியம் ஐதரொட்சைட்டு கொண்டுபோயிருந்தேன்.

முற்றத்தில் நல்ல வெயில். கண்ணாடித் தம்ளரில் கிணற்றுத் தண்ணீர். பளிங்கு மாதிரித் தெளிவு.

"இதுக்குள்ள மகனீசியம் எண்டு ஒண்டு நிக்குது மாமி. இப்ப வெளிய வரப்பண்ணுறன், பாருங்கோ."

சில துளிகள் விட்டேன்.

ஒன்றுமே இல்லாத தண்ணீருக்குள் வெள்ளையாக ஏதோ பிறந்தது. புகையுமில்லை, பாலுமில்லை. விரித்த கூந்தல் போலச் சுழன்றது... மெல்ல மெல்ல இறங்கி அடியில் உட்கார்ந்தது.

மகனீசியம் ஐதரொட்சைட்டு. நான் படித்தது பிழையாகவில்லை.

மாமி பின்வாங்கினார். "ஐயோ, பெடியன் பேர் சொல்லிக் கூப்பிட்டான்... வந்திட்டுது!"

"அது ஒரு உப்பு மாதிரித்தான் மாமி!"

"உப்பெண்டால் ஏன் தம்பி அசையுது?"

அத்தானைப் பார்த்தேன். அவரும் விஞ்ஞானம் படித்தவர்தான். நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அவரை நான் மன்னிக்கவில்லை. பின்னாளில் அவருடைய செத்தவீட்டுக்கும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வரை மாமி பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே அக்கா பெட்டியோடு என் பின்னால் பஸ் ஏறினாள். ஆனையிறவு தாண்டியபோது கேட்டாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. அது ஆர்?"

இலத்திரன்களைப் பற்றி முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஓம்... ஆனா அது என்னைப் பாத்தது."

இப்போது அதே ஊர்களில் தண்ணீர் கடினம் என்று துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்கள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு வடிகட்டி. பருப்பு அவியவில்லை என்று யாரும் மருமகளைத் திருப்பி அனுப்புவதில்லை. நல்ல காலம்தான், அக்காவுக்குக் கொஞ்சம் பிந்தி வந்த காலம்.

அவள் என்னோடுதான் இருக்கிறாள். பிறகு அவளை யாரும் கேட்டு வரவில்லை. எங்கள் தண்ணீர் சுத்தமானது. ஆனாலும் குடிக்கமுதல் தம்ளரை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்ப்பாள்.

நேற்றும் பார்த்தாள்.

"இண்டைக்கு இல்லை," என்று மெல்லச் சொல்லிவிட்டுத்தான் குடித்தாள்.