ஆறு பஸ் நீளம்

பணிமனையில் அவருக்குக் 'காலர்' என்று பெயர். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். எந்த வெயிலிலும் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றாதவர். மனைவி கஞ்சி போட்டுத் தேய்த்த காலர் கழுத்தில் அட்டை மாதிரி நிற்கும். குடி, புகை, வெற்றிலை எதுவும் கிடையாது. அதனாலேயே அவரைப் பலருக்குப் பிடிக்காது.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவர் பக்கக் கண்ணாடியை நம்பமாட்டார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தாடை தோளில் இடிக்கும்வரை திருப்பிப் பார்ப்பார். "கண்ணாடி பொய் சொல்லும், கழுத்து பொய் சொல்லாது" என்பார். ஒருநாள் மதியம் அப்படித் திருப்பிய கழுத்தோடு நினைவு போய்விட்டது. பஸ் போய் வண்டி கழுவும் இடத்துச் சுவரில் மோதியது. கண் விழித்தபோது நெற்றி ஹாரன்மேல் கிடந்தது. ஹாரன் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்த மெக்கானிக், "என்னண்ணே, பட்டப்பகல்லயே ஏத்திட்டீங்களா?" என்றான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஊதிப் பார்க்கும் கருவியில் பேட்டரி இல்லை. மேலாளர் கண்ணாலேயே சோதித்து, 'குடிபோதை போல் தெரிகிறது' என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் அந்தப் 'போல்' உதிர்ந்துவிட்டது.

அவருக்கு முன்னால் சேதி வீட்டுக்குப் போயிருந்தது. மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் வந்து வாயை முகர்ந்தாள். குடிகாரத் தகப்பனோடு வளர்ந்தவள். அவள் மூக்குக்கு வேறு சாட்சி வேண்டாம். வாடை எதுவும் வரவில்லை; அன்று அந்த மூக்கையே அவள் நம்பவில்லை.

"வாசனை வராம இருக்க ஏதாச்சும் மென்னுட்டு வந்தீங்களா?"

சுவரில் மோதியது வலிக்கவில்லை. இது வலித்தது.

மூன்றாம் நாள் காலை சவரம் செய்யும்போது, தாடைக்குக் கீழே தோலை அழுத்தி இழுத்தவர் அப்படியே குளியலறையில் சரிந்தார். அன்றைக்குத்தான் அவள் நம்பினாள். அவளே டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டி, கழுத்தின் வலப்பக்கத்தை விரலால் அழுத்தினார். அறை அணைந்து எரிந்தது போலிருந்தது.

"கழுத்து நாடியில ஒரு இடம் இருக்கு. ரத்த அழுத்தம் ஏறினா, கொஞ்சம் மெதுவாப் போன்னு இதயத்துக்குச் சொல்லும். உங்களுக்கு அது அதிகப்பிரசங்கி. இறுக்கமான காலர், கழுத்தைத் திருப்புறது, சவரம், எதுக்கும் நிறுத்து நிறுத்துன்னு கத்திடுது. இப்ப ஆறு செகண்ட் இதயம் நின்னுச்சு. ஒரு கருவி வச்சா மயக்கத்தைத் தடுக்கலாம். ஆனா பஸ் ஓட்டலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சான்றிதழோடு, இதயத் துடிப்பு கோடாகப் பதிந்த காகிதச் சுருளின் நகலையும் கொடுத்தார்.

சங்கச் செயலாளர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணே, இதைக் கிழிச்சுப் போடுங்க. குடிச்சேன், மன்னிச்சுடுங்கன்னு எழுதிக் குடுத்தா மூணு மாசம் வீட்டுல உட்கார வைப்பாங்க. அப்புறம் வண்டி குடுத்துடுவாங்க. வியாதின்னா ஆயுசுக்கும் ஸ்டியரிங் தொட முடியாது."

"நான் குடிச்சதே இல்லையேப்பா."

"அதை யாருண்ணே கேட்டா? குடிகாரன் திருந்துவான்னு ரூல்ல இடம் இருக்கு. கழுத்து திருந்தும்னு எந்த ரூல்ல இருக்கு?"

மன்னிப்புக் கடிதத்தைச் செயலாளரே எழுதி வைத்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி.

காலர் பேனாவை வாங்கிக்கொண்டார். மேசைமேல் காகிதச் சுருள் விரிந்து கிடந்தது. மேடும் பள்ளமுமாக வந்த கோடு ஓரிடத்தில் படுத்துக்கொண்டு, ஒரு சாண் நீளத்துக்கு நேராகப் போய், பிறகு எழுந்திருந்தது. ஆறு செகண்ட். நாற்பதில் போனால் ஆறு பஸ் நீளம். கடைத்தெரு நிறுத்தத்தில் ஆறு பஸ் நீளத்துக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

பேனாவைக் கீழே வைத்தார். இதை நேர்மை என்று சொல்லிவிடலாம். அவ்வளவு சுத்தமாக இருக்கவில்லை. குடிகாரன் என்று கையெழுத்திடக் கை கூசியது பாதி. மீதிதான் அந்த நேர்கோடு.

மேலாளர் சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

"இதை மறைச்சு எத்தனை வருஷமா ஓட்டுனீங்க?"

"எனக்கே இப்பத்தான் சார் தெரியும்."

"குடிச்சிருந்தாலாவது ஏதாச்சும் பண்ணியிருப்பேன்" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் போலிருந்தது. லைசென்ஸை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள்.

"சரி. எவனோ ஒருத்தன் பிழைச்சான். அவன் வந்து நம்ம அடுப்பைப் பத்த வைப்பானா?"

"எப்படி வருவான்?" என்றார் அவர். "பிழைச்சதே அவனுக்குத் தெரியாதே."