நாரைக்கு மீன் கொடுத்தவள்

இல்லை, தைரியசாலி என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அவளே சிரிப்பாள். அனந்தமதி பயந்தவள். இடிக்குப் பயம். ரயில் வரும்போது பிளாட்பாரத்தின் விளிம்புக்குப் பயம். தலைமையாசிரியையின் செருப்புச் சத்தத்துக்குப் பயம். எதையும் மறைத்ததில்லை. "பயமா இருக்குது, நீ கூட நில்லு" என்பாள். அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்த கார்டின் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவள் அண்ணன் எழுதியிருந்தார். விஷ ஜுரம். பதினெட்டு நாள். முப்பத்திரண்டு வயது. வேறொன்றும் எழுதவில்லை.

திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைப் புடவை, வட்டக் கண்ணாடி, சூரியன் இறங்குமுன் சாப்பாடு, துணியில் வடிகட்டிய தண்ணீர். சமண வீட்டுப் பெண். தன் வயிற்றுக்காக ஒரு புழுவும் சாகக்கூடாது என்று வளர்ந்தவள். அவளும் நானும் நான்கு வருஷம் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். நாரையின் விஷயம் மட்டும் உங்களுக்குத் தெரியாது. சொல்லாதே என்று அவள் கேட்கவில்லை. நான்தான் சொல்லவில்லை.

பட்டணத்தில் குண்டு விழும் என்று குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்த வருஷம் அது. ஐப்பசி. மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலை, ஏரிக்கரையிலிருந்து அவள் ஓடி வந்தாள். முந்தானையில் எதையோ சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். சாம்பல் நாரை. அதன் கழுத்து துவண்டு அவள் முழங்கைமேல் கிடந்தது. காயம் எதுவும் இல்லை. நோய்.

"தொட்டுப் பாரு. இவ்ளோ பெரிய பறவைக்கு எடையே இல்ல."

நான் தொடவில்லை. ஒரு கண் திறந்திருந்தது. மஞ்சள் நிறம். அது என்னைப் பார்த்ததா என்று இன்றுவரை தெரியாது.

கொல்லையில் விறகுக் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தாள். குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு ஒன்றை அண்டை வீட்டில் வாங்கி வந்தாள். வடிகட்டிய தண்ணீர். பிறகு கேப்பைக் கூழ். மல்லாட்டைக் கடலையை ஊறவைத்து அரைத்து அதில் கரைத்தாள். அலகைப் பிரித்து ஊற்றினாள். நாரை உதறியது. மூக்குத் துளை வழியாகக் கூழ் வந்தது. துடைத்துவிட்டாள். மறுபடி ஊற்றினாள்.

பாத்திரம் தேய்க்க வந்த பாக்கியம் கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள். கிளியனூர்க்காரி. எங்கள் இருவரைவிடவும் உலகம் தெரிந்தவள்.

"இன்னா டீச்சரம்மா இது? இது இன்னா உங்கூர் சாமியாரா, கூழு குடிச்சிக்கினு விரதம் இருக்க? மீன் துண்றதும்மா இது. உசுரோட துள்ற மீனு."

"வேற எதுவும் சாப்பிடாதா பாக்கியம்?"

"தவள துண்ணும். புடிச்சாரட்டா?"

அனந்தமதி சங்கைக் கீழே வைத்தாள். பாக்கியம் குனிந்து பார்த்துவிட்டுச் சட்டென்று பின்னால் போனாள்.

"மூஞ்ச தள்ளி வச்சிக்குங்க. நாரை கண்ணத்தான் கொத்தும். எங்க ஊர்ல ஒருத்தன் இதாலதான் ஒத்தக்கண்ணன்."

அன்று மாலை அவள் சாப்பிடவில்லை. விறகின்மேல் உட்கார்ந்திருந்தாள். "மீன் கொடுத்தா மீன் சாவுது. கொடுக்கலன்னா இது சாவுது. ரெண்டுலயும் என் கைதான், சரோஜா" என்றாள். நான் காலேஜில் தத்துவம் படித்தவள். ஒன்றைச் செய்வதும் ஒன்றைச் செய்யாமல் விடுவதும் ஒன்றல்ல என்று விளக்கினேன். "அது புஸ்தகத்துல" என்றாள்.

ஞாயிறு காலை சொன்னாள்: "பாக்கியம் மீன் கொண்டாரேன்னுச்சு. பயமா இருக்குது. நீ கூட நில்லு."

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி விழுப்புரத்துக்கு ரயில் ஏறினேன். அம்மா நன்றாகவே இருந்தாள். எனக்கு அந்த அலகுதான் பயம். அதைவிட, அனந்தமதி மீனைக் கையில் எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பது பயம். விக்கிரவாண்டி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே நான் பார்க்கவில்லை. வயல்களில் கொக்குகள் நிற்கும்.

திங்கள் காலை திரும்பினேன். கொல்லையில் மண்பானை. அதற்குள் சின்னச் சின்ன மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அனந்தமதி பானைக்குமேல் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். சாகிறவர்கள் காதில் அவர்கள் வீட்டில் சொல்லும் மந்திரம். சொல்லி முடித்துப் பானைக்குள் கையை விட்டாள். ஒரு மீன் விரல்களுக்குள் துடித்தது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கையை நீட்டினாள். அலகு பாய்ந்தது. மீன் இறங்குவது கழுத்தில் தெரிந்தது.

அவள் கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. ஞாயிறன்றே கொத்தியிருக்கிறது.

"வந்துட்டியா" என்றாள், திரும்பாமல்.

கொட்டகை வாசலில் நின்றேன். அவளுக்கும் எனக்கும் இரண்டடி. அதற்குமேல் கால் வரவில்லை.

செவ்வாயன்று நாரை எழுந்து நின்றது. "பொழைக்க வச்சிட்டாங்கடா டீச்சரம்மா! இனிமே மீன் கொழம்பு வைக்கக் கத்துக்குனா சரி" என்று பாக்கியம் கத்தினாள். அனந்தமதி சிரித்தாள். சனிக்கிழமையிலிருந்து அவள் ஒரு பருக்கைகூடத் தின்றிருக்கவில்லை. நாரையின் மூச்சில், உள்ளே நீர் கட்டியது போல, ஒரு களகளப்பு இருந்தது. அதைக் கேட்டபடியே சிரித்தாள்.

புதன் விடிந்தபோது அது செத்துக் கிடந்தது.

"கூழ ஊத்தினது நான்தான்" என்றாள்.

"அது முன்னாடியே சீக்குதாம்மா" என்றாள் பாக்கியம். இருக்கலாம். யாருக்கும் தெரியாது.

கறுப்பு மைக் கார்டுக்கு முன்னால் இன்னொரு கார்டு வந்திருந்தது. அவள் கையெழுத்து. "ஜுரம் இறங்கவில்லை. பயமாக இருக்கிறது. வந்து கூட இரு." என் மேஜையில் விடைத்தாள்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று வைத்துக்கொண்டேன். விடைத்தாள்கள் காரணமல்ல. விஷ ஜுரம் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்கிறார்கள். வியாழக்கிழமை அண்ணனின் கார்டு வந்துவிட்டது.

ஆகவே அவளுடைய தைரியத்தைப் பற்றி எழுதச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். பயத்தோடு அவள் கையை நீட்டினாள். பயத்தோடு நான் ரயில் ஏறினேன். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியமும், நான் கடக்காத அந்த இரண்டடியும்.

அந்தப் புதன்கிழமை, கொட்டகைக்குப் பின்னால் பள்ளம் தோண்டி நாரையைப் புதைத்தாள். பானையில் ஏழு மீன்கள் உயிரோடு மீதி இருந்தன. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, பானையைச் சாய்த்து, ஏழும் வெளியே போகும்வரை நின்றாள். பானையைக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்தாள். ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.