பெட்டி வண்டியிலிருந்து ஜீப்புக்கு

மைக்செட்காரன் தொழிலில் ஒரு வசதி உண்டு: விளக்கு எரியும்வரை நம்மை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அணைந்தால் ஊரே நம்மைத்தான் பார்க்கும். ஊர் சிரிக்கும்போது இருட்டில் ஜெனரேட்டர் சத்தத்துக்குக் காவல் உட்கார்ந்து, பகலில் தூங்கத் தெரியாமல் புரளும் சக பாவிகளே, எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில், கெடா மாநிலத்துத் தோட்டங்களில் நான் பட்டதைக் கேளுங்கள்.

எடைக்கு ஒரு ஆள்

அப்போது என்னிடம் இருந்தது மோட்டார் சைக்கிள், அதன் இடப்பக்கம் ஒட்டிய மரப்பெட்டி, பெட்டிக்குக் கீழே ஒற்றைச் சக்கரம். ஜெனரேட்டர் பெட்டிக்குள் போகும். அதன்மேல் சாக்கை விரித்து என் மனைவி ஸ்டெல்லா உட்காருவாள், மடியில் ஒலிபெருக்கிக் குழாயோடு. ஜெனரேட்டரைத் திருவிழா நடக்கும் இடத்தில் விட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் ஆபத்து. இடப்பக்க வளைவில் பெட்டி அப்படியே மேலே கிளம்பிவிடும். அதனால் எடைக்கும் ஸ்டெல்லாதான்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். புக்கிட் செலம்பாவ் கோயில் பூசாரி டவுனுக்கு வருகிறேன் என்றார், பெட்டியில் ஏற்றிக்கொண்டேன். மனிதர் குச்சி மாதிரி இருப்பார் என்பதை யோசிக்கவில்லை. முதல் வளைவிலேயே பெட்டியோடு என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டார். இறங்கியதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “சாமிகிட்ட தெனம் நான்தான் போறேன் அண்ணே. நீங்க ஒண்ணும் அனுப்பி வைக்க வேணாம் லா.”

இரண்டு பலகை, மூன்று சக்கரம்

கோலா கெத்தில் ஊருக்கு உள்ளே ஒரு தோட்டம். அங்கே மாரியம்மன் திருவிழாவுக்கு வருடா வருடம் நான்தான் விளக்கு போடுவேன். கோயில் தலைவர் மாரிமுத்து, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். வேலைக்காட்டிலும் கோயிலிலும் அவர் வைத்ததுதான் சட்டம். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரனுக்கு எதற்கு அம்மன் கோயில் வேலை என்று யாரோ கேட்டதற்கு, கரண்டுக்கு மதம் கிடையாது என்று வாயை அடைத்தவர் அவர்.

அந்த வருடம் ஓடைப் பாலம் இடிந்துபோய், லோரி டயர்களுக்கு அளந்து இரண்டு வரிசையாகப் பலகை போட்டிருந்தார்கள். மோட்டார் ஒரு பலகையில் ஏறியது. பெட்டிச் சக்கரம் மற்றதில் ஏறும் என்று நினைத்தேன். லோரியின் அகலம் வேறு, என் வண்டியின் அகலம் வேறு. பெட்டிச் சக்கரம் நடுவில் இறங்கியது. ஜெனரேட்டரும் ஸ்டெல்லாவும் ஓடைக்குள். அவள் ஒரு பள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி, குழாயை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அந்தத் திருவிழா கேஸ் விளக்கில் நடந்தது. முடிந்ததும் மண்டோர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அடுத்த வருசம் சுங்கைப்பட்டாணியிலேர்ந்து வேன்ல வர்ற மைக்செட்காரரையும் வரச் சொல்லப் போறேன் அந்தோணி. யாரு மொதல்ல கோயிலுக்கு வந்து சேர்றாங்களோ, இனிமே அவங்களுக்குத்தான் வேலை. கோவிச்சுக்காதப்பா.”

கதவில்லாத மாப்பிள்ளை

அந்தத் தோட்டம் போனால் மற்றத் தோட்டங்களும் வேனைப் பார்த்துப் போய்விடும். பழைய இரும்புக்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் மோட்டாரையும் பெட்டியையும் கொடுத்து, ராணுவம் கழித்துப் போட்ட ஜீப் ஒன்றை வாங்கினேன். கதவு கிடையாது. முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். தூக்கம் வராத பகல்களிலெல்லாம் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டித்தான் இன்ஜின் வேலையே கற்றுக்கொண்டேன்.

முதல்முறை ஏறி உட்கார்ந்த ஸ்டெல்லா, வளைவில் வண்டி அசையாமல் திரும்பியதைப் பார்த்தாள். மடியிலிருந்த குழாயை எடுத்துப் பின்னால் வைத்தாள். பிறகு சொன்னாள்: “இது நான் இல்லாட்டியும் சாயாது போல. இனிமே நான் வீட்டுல இருக்கவாங்க?”

மெர்போக் கல்யாணம்

மெர்போக்கில் மழையில் மாப்பிள்ளை கார் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் புதைந்துவிட்டது. மைக்செட்டோடு போன நான் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டேன். மாலை, தலைப்பாகை, மடியில் ஆம்ப்ளிபயர். பெண்ணின் அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாங்க மாப்பிள்ளையத்தானே கேட்டோம், பட்டாளத்தையே அனுப்பிட்டாங்களே.”

அந்த ஓடை, மறுபடியும்

கோலா கெத்தில் திருவிழா நாள் வந்தது. மத்தியானம் முழுக்க மழை. நானும் ஸ்டெல்லாவும் போனபோது பலகைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. இந்தக் கரையில் வேன்காரர் வண்டிக்குள் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கரையில் மண்டோர் குடையோடு, பின்னால் லயத்து வீடுகளின் பாதிச் சனம். தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது, தரை தெரியவில்லை. நடுவில் பள்ளத்தில் விட்டு இன்ஜின் நின்றால் கம்பியைச் சுற்றக்கூட முடியாது. கியரில் கை வைத்தபடி நான் யோசித்துக்கொண்டேயிருந்தேன்.

ஸ்டெல்லா இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். கொஞ்சம் நேராகப் போய், வலப்பக்கம் ஒதுங்கி, ஓரிடத்தைச் சுற்றிக்கொண்டு, வா என்று கையைக் காட்டினாள். அவள் நடந்த தடத்திலேயே சின்ன கியரில் விட்டேன். ஒரு பக்கம் ஏறிய தண்ணீர் மறு பக்கம் இறங்கிப் போனது. கதவில்லாத வண்டியின் அருமை அன்றுதான் தெரிந்தது. இன்ஜின் ஒருமுறை இருமியது. நிற்கவில்லை.

கரையேறியதும் பிள்ளைகள் ஜீப்பைத் தள்ளாமலே தள்ளிக்கொண்டு கோயில்வரை ஓடிவந்தார்கள். மண்டோர் ஓடையைப் பார்த்துத் திரும்பி, வேன்காரரைப் போகச் சொல்லிக் கையசைத்தார். இருட்டுவதற்கு முன்பே கோபுரம் முழுக்க வண்ண பல்பு எரிந்தது. அவர் ஸ்டெல்லாவுக்குத் தன் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்து, தரையே தெரியாத தண்ணீரில் எப்படியம்மா வழி கண்டுபிடித்தாய் என்று கேட்டார்.

“போன வருசம் அந்தப் பள்ளத்துலதானே உக்காந்திருந்தேன் மண்டோரண்ணே, மறக்குமா?”

அதற்குப் பிறகு அந்த ஜீப்பில் நான் கழற்றி மாற்றாத சாமான் எதுவும் இல்லை, இடப்பக்கம் உட்காரும் ஆளைத் தவிர.