கல்லில் வெட்டிய பத்தொன்பது

எங்கள் ஊர் லூத்தரன் சபைக் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில், காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறது அந்தச் சாம்பல் நிறக் கல். இடது பக்கம் போர்கில்டு ஹாக்லண்ட், பிறந்த வருடம், இறந்த வருடம் 1983. வலது பக்கம் அவள் கணவர் செல்மர் ஹாக்லண்ட், பிறந்தது 1921. பிறகு ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு 19. அதற்கப்புறம் இரண்டு எண்ணுக்கு மட்டும் இடம். செல்மர் காலமானதும் நிரப்பிக்கொள்ள வேண்டியது.

செல்மர் காலமாகவில்லை. அதுதான் தொல்லை.

போர்கில்டு இறந்தது ஜனவரியில். வடக்கு டகோட்டாவில் ஜனவரியில் யாரும் புதைக்கப்படுவதில்லை. மண் இரும்பாகக் கிடக்கும். பனி இளகும் வரை காத்திருந்து மே மாதத்தில் அடக்கம் செய்தார்கள். கல் வெட்ட வந்தவர் நயமாகச் சொன்னார்: “ரெண்டு பேரையும் சேர்த்தே வெட்டிரலாம் செல்மர். பத்தொன்பதையும் போட்டு வெச்சிர்றேன். பின்னால உங்க ஆளுங்களுக்கு வேலை மிச்சம்.”

செல்மர் யோசிக்கவில்லை. அவர் அப்பா அறுபதைத் தாண்டிக் கொஞ்ச நாளில் போனார், தாத்தாவும் அப்படியே. ஹாக்லண்ட் வீட்டு ஆண்கள் விருந்தில் அதிக நேரம் உட்கார்ந்து பழக்கமில்லாதவர்கள். தவிர, இதில் புதுமையும் இல்லை. அப்போது எங்கள் கல்லறையில் பாதிக் கற்களில் ஒரு பத்தொன்பது காத்துக்கொண்டுதான் இருந்தது. நார்வேயிலிருந்து வந்த எங்கள் கூட்டத்துக்கு எதையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைக்கப் பிடிக்காது. சாவையும்தான்.

அன்றிலிருந்து செல்மர் அந்தக் கல்லுக்கு ஏற்றபடி வாழத் தொடங்கினார். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலையிலிருந்து விலகினார். கூரை ஒழுகியபோது ஓட்டை மேல் தகரத்தை வைத்து அடித்தார். “எனக்கு இது போதும்” என்றார். நாய் செத்த பிறகு வேறு நாய் வளர்க்கவில்லை, பாவம், அது அநாதையாகிவிடுமாம். முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னபோது, “புது முட்டியப் புதைக்கவா?” என்று கேட்டார். அந்தப் பதிலை நாங்கள் ஒரு வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அவருடைய ஒரே மகள் மாரிட், ஆரிகன் கரையில் கடலைப் பார்த்த ஒரு ஊரில் நெசவு செய்து பிழைப்பவள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தொலைபேசியில் கூப்பிடுவாள். “குளிருக்கு இங்க வந்து இரேன்பா. உனக்குன்னு கீழ ஒரு ரூம் கட்டியிருக்கேன். படியே கிடையாது.” செல்மரின் பதில் ஒன்றேதான்: “இருந்தாப் பாக்கலாம்.”

இதை ஊர் பணிவு என்று நினைத்தது. எங்களிடம் ஒரு குணம் உண்டு: பெருமை பேசுகிறவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், சாகத் தயாராக இருக்கிறவனைக் கண்டால் காபி ஊற்றிக் கொடுப்போம். செல்மருக்கு நிறையக் காபி கிடைத்தது. போதகர் ஒருமுறை பிரசங்கத்திலேயே அவரை உதாரணம் காட்டினார். செல்மர் காது சிவக்கத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அதுவும் அவருக்கு நல்ல பெயராகவே சேர்ந்தது.

எப்போது என்று சொல்ல முடியாமல், மாரிட் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் பேசினாள். வா என்று சொல்லவில்லை.

பிறகு நூற்றாண்டு முடிந்தது. கணினிகளெல்லாம் நின்றுபோகும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த அந்தக் காலை, செல்மர் எழுந்தார், காபி போட்டார், குடித்தார். கல்லில் இருந்த பத்தொன்பது பொய்யாகிவிட்டது.

முதல் சில வருடங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. உயிரோடிருப்பதைக் குற்றமாகச் சொல்ல எங்களுக்கு நாகரிகம் இடம் கொடுக்காது. ஆனால் மே மாதக் கடைசியில், செத்தவர்களுக்குப் பூ வைக்கும் நாளில், வெளியூர்க்காரர்கள் அந்தக் கல்லின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். கல்லறைக் குழு தேவாலயத்தின் நிலவறையில் கூடியது, செல்மரையும் அழைத்திருந்தது. காபிக்காக நானும் அந்தக் குழுவில் இருந்தேன். தலைவி வெர்னா ஷெல்ஸ்டாட், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு களை பிடுங்குகிறவள்.

“செல்மர், தப்பா நெனச்சுக்காத,” என்று ஆரம்பித்தாள். “யாரும் உன்ன அவசரப்படுத்தல.”

“படுத்தினாலும் என் கையில இல்லையே வெர்னா.”

“அந்தப் பத்தொன்பத இருபதா மாத்திரலாம்னு குழு நெனைக்குது. கல்லு வெட்டுற டுவேன் வர்றான். ஒட்டுற பசையில கல்லுத்தூளக் கலந்து பழசை அடைச்சு, மேல புதுசா வெட்டிருவானாம். தெரியவே தெரியாதாம்.”

“இந்தத் தடவையாவது சரியா இருக்குமா?” என்றார் செல்மர். “அப்புறம் இருபத்தொண்ணுன்னு மாத்த வேண்டி வந்தா?”

எல்லோரும் சிரித்தோம். செல்மர் சிரிக்கவில்லை.

டுவேன் வந்த காலையில் செல்மர் மடக்கு நாற்காலியொன்றைத் தூக்கிக்கொண்டு தனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தார். அதாவது, தன் கல்லுக்கு முன்னால். டுவேன் சாமான்களை இறக்கினான். நானும் வெர்னாவும் மேற்பார்வை என்ற பெயரில் நின்றோம்.

“ஆரம்பிக்கட்டுமா பெரியவரே?”

“கொஞ்சம் இரு.”

அந்தக் கொஞ்சம் நீண்டது. காற்று அடித்தது. டுவேன் வண்டியில் சாய்ந்து ரொட்டியைத் தின்று முடித்தான். வெர்னா ஒரு களையைப் பிடுங்கி, பிறகு களையே இல்லாத இடத்தில் இன்னொன்றைத் தேடினாள். செல்மர் அந்த இரண்டு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார், எடை மேடையில் நிற்கும் லாரியைப் பார்ப்பது மாதிரி.

“போர்கில்டு கடைசி வருஷம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா,” என்றார், யாரையும் பார்க்காமல். “மாரிட் வீட்டுக்குப் போயிக் கடலப் பாக்கணும்னு. அறுப்பு முடியட்டும்னேன். அறுப்பு முடிஞ்சுது. கோதுமை ரயிலேறட்டும்னேன். அதுவும் ஏறிச்சு. அப்புறம் பனி வந்துருச்சு.”

“அது யாருக்கும் நடக்கிறதுதான்,” என்றாள் வெர்னா.

“நடக்கிறதுதான். அதுக்கப்புறம் நான் பண்ணதுதான் கேவலம். இந்தக் கல்லுல என் பேரு வெட்டினப்ப மனசு லேசாயிருச்சு வெர்னா. துக்கம்னு நெனச்சேன். அவமேல இருக்கிற பாசம்னு நெனச்சேன். ஊரும் அப்படியே சொல்லிச்சு. இப்ப உக்காந்து பாத்தா அப்படித் தெரியல. நாளைக்குப் போறவன்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க பாரு. அது வசதியா இருந்துச்சு. நாயி, கூரை, முட்டி, பொண்ணு, எல்லாத்துக்கும் ஒரே பதில். என் பொண்ணு எனக்கு ரூம் கட்டினா. நான் அவளுக்கு இந்தக் கல்லக் காட்டினேன்.”

வெர்னா கையுறையைக் கழற்றினாள். நான் அவளை அறிந்த காலத்தில் கல்லறையில் அவள் அதைக் கழற்றிப் பார்த்ததில்லை. “அவளக் கூப்பிடு,” என்றாள். “கோயில்ல போன் இருக்கு.”

“என்னன்னு சொல்லுவேன்?”

“எனக்கென்ன தெரியும்? இத்தன நேரம் பேசினியே, அதுல பாதியச் சொல்லு.”

நிலவறையில், சமையல்மேடைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தத் தொலைபேசி. ஒலிபெருக்கி வைத்தது மாதிரி சத்தமாகக் கேட்கும். செவி மந்தமானவர்களுக்காக வாங்கியது. நாங்கள் கப்புகளைக் கழுவுவதுபோல் நின்றோம்.

“மாரிட், அப்பா பேசறேன்.”

“யார் செத்துட்டா?”

“யாரும் சாகல. அதுதான் விஷயம். அந்த ரூம் இன்னும் இருக்கா?”

“அதுல தறி போட்டிருக்கேன்பா. ரெண்டு வருஷமாச்சு.”

“சரி. சரிம்மா. தறி இருக்கட்டும்.”

“என்ன திடீர்னு?”

“வரலாம்னு பாத்தேன். நீ கூப்பிட்டப்பல்லாம் வரல. வந்திருக்கணும். உங்கம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கணும். சாகப்போறேன் சாகப்போறேன்னு சொல்லி உன்ன ஏமாத்திட்டேன் மாரிட். வேணும்னே ஏமாத்தல. ஆனா ஏமாத்திட்டேன்.”

தண்ணீர்க் குழாயை வெர்னா மெல்ல அடைத்தாள்.

“வந்தாப் பாக்கலாம்,” என்றாள் மகள்.

செல்மர் கண்ணை மூடிக்கொண்டார். தன் சொல்லே தனக்குத் திரும்பி வந்தால் எவ்வளவு கனம் என்று எடை போடத் தெரிந்தவர் அவர். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றார். மகளும் வைக்கவில்லை. கடைசியில் அவள்தான் கேட்டாள், எரிச்சலாகவே:

“முட்டி எப்படி இருக்கு?”

“மோசம்.”

“வாசல்ல இப்ப மூணு படி வெச்சிருக்கு. கைப்பிடி கிடையாது.”

“உக்காந்து உக்காந்து ஏறிக்கறேன்.”

“கிறுக்கு மாதிரிப் பேசாதப்பா,” என்றாள். “எந்த ரயில்னு சொல்லு.”

மறுபடி கல்லறைக்கு வந்தபோது டுவேன் உளியோடு தயாராக இருந்தான். “பத்தொன்பத அடைச்சிரு,” என்றார் செல்மர். “மேல ஒண்ணும் வெட்டாத.”

“இருபது?”

“வேணாம். வெறுமையா விடு.”

“செல்மர், குழுவுல முடிவு பண்ணினது...” என்று இழுத்தாள் வெர்னா.

“குழுவச் சாகச் சொல்லு, அப்ப எழுதிக்கலாம்.”

அந்த இலையுதிர் காலத்தில் கூரை ஓட்டையோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர் ரயிலேறினார். டுவேன் சொன்னபடி நடக்கவில்லை. அடைத்த இடம் நன்றாகவே தெரிகிறது. கல்லின் மற்ற இடங்களைவிட ஒரு சாயல் வெளுப்பு. பழைய புண் ஆறிய தோல் மாதிரி.

தறியை மாரிட் எடுக்கவில்லை என்று கேள்வி. அதன் பக்கத்திலேயே கட்டில். பகலில் கண்ணயர முடியவில்லை, மகள் நெய்கிற சத்தம், அது நின்றால் கடல் சத்தம் என்று மறு வருடம் ஜூனில் வெர்னாவிடம் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டாராம். கடலைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. கல்லில் போர்கில்டின் பக்கம் நட்டிருந்த பியோனிப் பூச்செடியை மட்டும் விசாரித்தாராம்.

“மொட்டு விட்டிருக்கு. ஆனா தண்டு சாயுது,” என்றாள் வெர்னா.

“ஒரு குச்சிய ஊணி வை. அடுத்த வருஷம் நான் வந்து பாத்துக்கறேன்.”

போனை வைத்துவிட்டு வெர்னா அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். அடுத்த வருஷம் என்கிற வார்த்தை செல்மர் ஹாக்லண்டின் வாயிலிருந்து வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை.