வாசலில் தொங்கிய வேப்பிலை

தலைநகரில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசையைப் புல்டோசர் இடித்தபோது தனபாக்கியத்தின் மகள் மாதுரிக்கு ஒன்பது மாதம். தட்டம்மைத் தடுப்பூசி போடவேண்டிய வேளை. அங்கே இருந்தவரை ஊசிக்காரத் தீதி, அந்த சுகாதாரத்துறை அக்கா, வாசலுக்கே வந்து அதட்டிக் கூட்டிப்போவாள். பதிலுக்கு ஊருக்கு வெளியே அரசு கொடுத்த அடுக்குமாடிக்கு யாரும் வரவில்லை. கேம்ப்புக்குப் பக்கத்து ஜங்புராவில் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போய்வருவதற்குள் தனத்துக்குப் பொழுது பஸ்ஸிலேயே கரைந்தது. ஊசி தள்ளிப்போனது.

குளிர்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. பக்கத்து வீட்டு ராசாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்கா தனம். ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு தூக்கிட்டு ஓடாத."

வாசலில் வேப்பிலை கட்டினாள். வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் வெளியாள் நுழையக்கூடாது.

மறுநாள்தான் புதிய இடத்து ஊசிக்காரி முதன்முதலாகப் படியேறி வந்தாள். "அந்தர் மத் ஆவோ தீதி, மாதா ஆயி ஹை," உள்ளே வராதே, ஆத்தா வந்திருக்கா என்று ராசாத்தி இந்தியில் மறித்துத் திருப்பி அனுப்பினாள். உள்ளே குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தனம் அதை மடியில் போட்டு வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

ஆத்தா இறங்கியதும் தலைக்கு ஊற்றவென்று மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீரை வெயிலில் வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் மாதுரியைக் கடைசியாகக் குளிப்பாட்டினார்கள். வீட்டை இடித்தவர்களுக்கும் ஆத்தாவுக்கும் அது தெரியவே தெரியாது.

அடுத்த மாதம் ராசாத்தியின் சொந்தப் பையனுக்கும் உடம்பு சிவந்து தடித்தது. அவள் கட்டிய வேப்பிலையைத் தனம் பிடுங்கி எறிந்தாள்.

"அடியே, ஆத்தா கோவிச்சுக்குவாடி!"

"கோவிச்சுக்கட்டும். எங்கிட்ட எடுத்துக்க இனி என்ன இருக்கு? ஜல்தி, புள்ளையத் தூக்குக்கா."